வேலை போன பிறகு ஈ.எஸ்.ஐ.யும் ஊன ஓய்வூதியமும்: பேரணாம்பட்டுப் பகுதியில் ஒரு நிகழ்வு

தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் உதவி மையம் ஒன்றில் 2023 ஜூன் முதல் 2025 இறுதி வரை கையாண்ட ஒரு குடும்பத்தின் விவரம் இது. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறோம். ஊர், கம்பெனி, மருத்துவமனை எதன் பெயரும் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. கீழே வரும் பிரிவு எண்களும் படிவ எண்களும் அதற்கு முந்தைய சட்டங்களுக்கு உரியவை.

பின்னணி

அவருக்கு வயது 46. பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2014 அக்டோபர் முதல் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. தோலை விரித்துப் போட்டு, தழும்பும் பூச்சிக்கடியும் உள்ள இடத்தை ஒதுக்கி, மிச்சம் வீணாகாமல் டையை (வெட்டும் அச்சு) வைத்துப் பிரஸ்ஸில் வெட்ட வேண்டும். கண்ணும் வலது கையும் சேர்ந்து ஓடினால்தான் அந்த வேலை நடக்கும். கம்பெனியில் அவருக்கு நல்ல பெயர் இருந்ததாக உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

மாதச் சம்பளம் 14,800 ரூபாய். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 11,700. ஈ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அவரிடம் 0.75 சதவீதம், அதாவது மாதம் 111 ரூபாய் பிடித்தார்கள். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம், 481 ரூபாய் கட்டியது. மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறார். மகன் பாலிடெக்னிக், மகள் பத்தாம் வகுப்பு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். தலை சுற்றினால் மட்டும் போட்டுக்கொள்வாராம்.

வீடு ஒரு மாவட்டத்திலும் வேலை இன்னொரு மாவட்டத்திலும் இருந்தது. 2019-ல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூரோடு போனது, பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. காலையில் பஸ் ஏறும்போது யாருக்கும் இது பொருட்டில்லை. மனு கொடுக்கும்போது பொருட்டாகிவிட்டது.

நோயும் அதை அடுத்த நான்கு மாதமும்

2023 பிப்ரவரி 3 அன்று வழக்கம்போல் வேலை முடித்து வந்து சாப்பிட்டுப் படுத்தார். 4-ஆம் தேதி விடியற்காலையில் எழுந்தவருக்கு வலது காலை ஊன்ற முடியவில்லை, பேச்சு குழறியது. அக்கம்பக்கத்தார் ஆட்டோ வைத்து ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. பன்னிரண்டு நாள் உள்நோயாளி. பில் 1,85,000 ரூபாய். மனைவியின் நகை அடகுக்குப் போனது, மீதிக்கு வட்டிக் கடன். ஈ.எஸ்.ஐ. அட்டை பீரோவில் இருந்தது. அதை எடுத்துக் காட்டும் நினைப்பு யாருக்கும் வரவில்லை. அந்தக் காலை நேரத்தில் வராததில் ஆச்சரியமும் இல்லை.

மார்ச், ஏப்ரலில் வீட்டிலேயே உடற்பயிற்சி. கம்பெனிக்கு மருத்துவ விடுப்புக் கடிதம் எதுவும் போகவில்லை. ஆள் அனுப்பிச் சொன்னதோடு சரி. மே மாதம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். மனைவி சொன்னது இது:

“ரெண்டு பேர் தாங்கிப் புடிச்சி ஆபீஸ்ல உக்கார வெச்சோம் சார். கணக்கு முடிச்சிக்கலாம், பி.எஃப். பணம் சீக்கிரம் வரும்னாங்க. வலது கை தூக்க வராது. இடது கட்டை விரல வெச்சிட்டாரு. ஒரு காகிதம் குடுத்தாங்க, பத்திரமா வெச்சிருக்கேன்.”

பத்து நாள் கழித்து ரத்த அழுத்த மாத்திரைக்காக ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனபோது “வேலையில் இல்லை என்றால் ஈ.எஸ்.ஐ. கிடையாது” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது ஊழியரா, வரிசையில் நின்ற இன்னொரு நோயாளியா என்று அவர்களுக்கே நினைவில்லை. அதை அப்படியே நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

ஊன உதவித்தொகைக்கு மனு போட ஒருவர் யோசனை சொல்லி, திருப்பத்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். வீடு வேலூர் மாவட்டத்தில் என்பதால் அங்கே வாங்கவில்லை. கால் இழுத்துக்கொண்டிருந்தவரை வாணியம்பாடி வழியாக அத்தனை தூரம் பஸ்ஸில் கூட்டிப்போய்த் திரும்பிய அலுப்பில், அதோடு மனு யோசனையையே விட்டுவிட்டார்கள்.

எங்களிடம் வந்தபோது கையில் இருந்தவை

ஜூன் கடைசி வாரம் மனைவியும் மகனும் ஒரு துணிப்பையோடு வந்தார்கள். உள்ளே மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், பில்கள், ஈ.எஸ்.ஐ. அட்டை, ஆதார், வங்கி பாஸ்புக், கம்பெனி கொடுத்த அந்தக் காகிதம். “தங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டு இன்று முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்” என்று மே மாதத் தேதியோடு இரண்டே வரி.

வந்த நோக்கம் ஒன்றுதான்: பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணம் எடுக்க வேண்டும். ஒரு பிரவுசிங் சென்டரில் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தார்கள். பி.எஃப். தொகைக்குப் படிவம் 19, பென்ஷன் தொகையையும் மொத்தமாக எடுக்கப் படிவம் 10சி. மறுநாள் ஓ.டி.பி. கொடுத்தால் இரண்டும் போய்விடும். மகன் படிப்பை நிறுத்திவிட்டு அப்பா இருந்த கம்பெனியிலேயே சேர்வதாக இருந்தான்.

ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் சந்தா விவரம் பார்த்தோம். ஜனவரி வரை முழு மாதங்கள், பிப்ரவரியில் 3 நாள். பி.எஃப். தளத்தில் பணி விலகிய தேதி 03-02-2023 என்று இருந்தது. காரணம் என்ற இடத்தில் வெறுமனே பணி முடிவு. கம்பெனி கொடுத்த காகிதத்தில் மே மாதம், பி.எஃப். தளத்தில் பிப்ரவரி 3. இந்த முரண் பின்னால் எவ்வளவு பெரிதாகும் என்பது அன்றே ஓரளவு தெரிந்தது.

முதல் முடிவு: ஈ.எஸ்.ஐ.க்குத் திரும்பிப் போவது

ஈ.எஸ்.ஐ. வேலை போன அன்றே அறுந்துவிடுவதில்லை. சந்தா கட்டிய அரையாண்டுக்கு ஒரு பயன் பெறும் அரையாண்டு உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஓர் அரையாண்டில் 78 நாள் சந்தா இருந்தால் அதற்குரிய காலத்தில் நோய்க்கால உதவித்தொகை கோரலாம். இவருக்கு 2022 அக்டோபரிலிருந்து பிப்ரவரி 3 வரை நூறு நாளுக்குக் குறையாமல் இருந்தது. ஆக 2023 டிசம்பர் வரை கதவு திறந்தே இருந்தது. சட்டத்தில் காப்பீடு பெற்றவர் என்பதற்கான விளக்கத்திலேயே ‘தொழிலாளியாக இருப்பவர் அல்லது இருந்தவர்’ என்றுதான் உள்ளது.

நோய்க்கால உதவித்தொகை சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்குப் பிறகு நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழப்பது அதில் உண்டு. அதற்கு 80 சதவீதம், ஈராண்டு வரை நீட்டிக்கலாம். தொடர்ந்து இரண்டு ஆண்டு வேலையில் இருந்திருக்க வேண்டும், முந்தைய நான்கு சந்தா அரையாண்டுகளில் 156 நாள் சந்தா இருக்க வேண்டும். எட்டு ஆண்டு உழைத்தவருக்கு இது ஒரு தடையே இல்லை.

வேலையிழந்தோருக்கான அடல் திட்டத்தில் 90 நாள் வரை பாதிச் சம்பளம் கிடைக்குமே, அதற்கும் எழுதலாமா என்று மகன் கேட்டான். அது வேலை செய்யும் நிலையில் இருந்தும் வேலை கிடைக்காதவருக்கானது. ஒரு மேஜையில் வேலைக்குத் தயார் என்றும் அடுத்த மேஜையில் வேலை செய்யவே இயலாது என்றும் ஒரே ஆள் எழுதிக் கொடுத்தால் இரண்டு மனுவும் ஒன்றையொன்று கொன்றுவிடும். அதனால் அதைத் தொடவில்லை. வேலையில் நேர்ந்த காயம் என்று கோரலாமா என்றும் பேசினோம். வீட்டில், உறக்கத்தில் வந்தது; ரத்த அழுத்தம் முன்பே இருந்தது. அந்த வழியையும் விட்டோம்.

ஜூலை முதல் வாரம் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு நேரில் அழைத்துப் போனோம். டாக்டர் பரிசோதித்து அன்றே சான்று கொடுத்து, வேலூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எழுதினார். மாத்திரை மறுபடி தொடங்கியது. பிப்ரவரி முதல் ஜூன் வரை சான்றில்லாத காலத்துக்கு டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் மறுபார்வைச் சீட்டுகளையும் மாற்றுச் சான்றாக வைத்துக் கிளை அலுவலகத்தில் கொடுத்தோம். மெடிக்கல் ரெஃப்ரீ (சான்றுகளைச் சரிபார்க்கும் ஈ.எஸ்.ஐ. டாக்டர்) பார்த்த பிறகு ஒரு பகுதியை ஏற்றார்கள். ஏப்ரல், மே மாதங்களில் எந்தச் சீட்டும் இல்லாத வாரங்களுக்குப் பணம் வரவில்லை. தனியார் மருத்துவமனை பில்லை அவசர சிகிச்சையாகக் கருதி ஈடு தரக் கோரிய மனு தனியாகப் போனது. கேள்வி மேல் கேள்வியாக வந்து, கடைசியில் அரசு வீதப்படி கணக்கிட்டு, கட்டியதில் பாதிக்கும் குறைவான தொகை 2024-ல் வந்தது.

இரண்டாவது முடிவு: 19 சரி, 10சி வேண்டாம்

வந்த அன்றே அவசரமாக எடுக்க வேண்டியிருந்த முடிவு இதுதான்.

பி.எஃப். கணக்கில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் இருந்தது. வட்டிக் கடன் மாதாமாதம் தின்றுகொண்டிருந்ததால் அதை எடுப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. பென்ஷன் பக்கம் வேறு கணக்கு. பத்து ஆண்டு சேவை முடியாததால் 10சி போட்டால் ஏறக்குறைய ஒரு லட்சம் ஒரே தடவையில் வரும். பிரவுசிங் சென்டர்காரர் அதைத்தான் சொன்னார். அவர் சொன்ன தொகையில் தவறில்லை.

அவர் சொல்லாமல் விட்டது 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின் 15-ஆவது பத்தி. பணியில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக ஊனமடைந்தவருக்குப் பத்து ஆண்டு நிபந்தனை கிடையாது. ஒரு மாதச் சந்தா இருந்தாலே வாழ்நாள் ஓய்வூதியம். குறைந்தபட்சம் 1,000 ரூபாய். முழு ஊனம் என்றதும் படுக்கையில் கிடப்பவர் என்று நினைக்கத் தோன்றும். மருத்துவக் குழு பார்ப்பது, ஊனமடைந்த சமயத்தில் செய்துகொண்டிருந்த வேலைக்கு அவர் இனி நிரந்தரமாகத் தகுதியற்றவரா என்பதைத்தான். கட்டிங் வேலையை இடது கையால் செய்ய முடியாது. 10சி-யில் பணத்தை எடுத்துவிட்டால் இந்த உரிமை அதோடு தீர்ந்தது.

கணக்குப் போட்டுக் காட்டினோம். மாதம் 1,200 ரூபாய் அளவில் வந்தால் ஏழு ஆண்டில் அந்த ஒரு லட்சத்தை எட்டிவிடும். அவருக்குப் பின் மனைவிக்கும், 25 வயது வரை பிள்ளைகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. மனைவி நெடுநேரம் பேசவில்லை. நகை அடகில் இருக்கும் வீட்டில் ஒரு லட்சத்தை வேண்டாம் என்பது லேசான காரியமில்லை. கடைசியில் அவரே, “மாசா மாசம் வரதே இருக்கட்டும் சார், மொத்தமா வந்தா மொத்தமா பூடும்” என்றார். 19 மட்டும் போனது.

வெளியேறிய தேதி

ஓய்வூதியத்துக்கான 10டி படிவத்தை நிரப்பத் தொடங்கியதும் அந்தப் பழைய முரண் குறுக்கே வந்தது. விலகிய தேதி பிப்ரவரி 3. நோய் தாக்கியது 4 அதிகாலை. பதிவேட்டின்படி அவர் வேலையை விட்ட மறுநாள் ஊனமானவர். பணியில் இருந்தபோது ஊனம் என்ற நிபந்தனையே அடிபட்டுப் போகும். கடைசியாக வேலைக்கு வந்த நாளையே விலகிய தேதியாகப் போடுவது இந்தப் பகுதிக் கம்பெனிகளில் வழக்கமான ஒன்று. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், கணினியில் தட்டுபவரின் பழக்கம். காரணத்திலும் நிரந்தர ஊனம் என்று தேர்வு செய்ய ஓர் இடம் இருக்கிறது. அது யார் கண்ணிலும் படுவதில்லை.

இங்கே கைகொடுத்தது, கட்டை விரல் வைத்து வாங்கிய அந்த மே மாதக் காகிதம்தான். மே மாதம் ராஜினாமாவை ஏற்று “இன்று முதல்” விடுவித்திருந்தால், மே வரை அவர் பணியில் இருந்தவர் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்ததாக ஆகிறது. மனைவி அதைப் பத்திரமாக வைத்திருக்காவிட்டால் வாதத்துக்கு வேறு பிடிமானம் கிடைத்திருக்காது.

கம்பெனியின் பணியாளர் பிரிவு முதலில் மறுத்தது. நிரந்தர ஊனம் என்று பதிந்தால் நஷ்டஈடு வழக்கு வரும் என்ற பயம். வேலையில் நேர்ந்த காயம் என்று கோரவில்லை என்பதை நேரில் விளக்கினோம். கம்பெனிக்கு இதில் ஒரு ரூபாய் செலவில்லை, ஓய்வூதியம் கொடுப்பது வருங்கால வைப்பு நிதி அலுவலகம் என்பதையும் சொன்னோம். பிறகு தேதியையும் காரணத்தையும் திருத்த, தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துக் கிடைத்தது. கூடவே, கட்டிங் பிரிவில் என்ன வேலை செய்தார், இரண்டு கையும் எதற்குத் தேவை என்று அரைப்பக்கம் எழுதித் தரும்படி கேட்டோம். கொடுத்தார்கள். மருத்துவக் குழுவில் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்டார்களாம்.

ஒரு சின்னச் சிக்கல். வங்கியில் இருந்தது அவருடைய பழைய வலது கைக் கையெழுத்து. படிவத்தில் இடது கட்டை விரல் ரேகை. வங்கி அத்தாட்சி தர மறுத்தது. மேலாளர் முன்னிலையில் ரேகையைப் பதிவு செய்து, கணக்கு இயக்கும் முறையை மாற்றிய பிறகுதான் 10டி நகர்ந்தது. வலது கை விழுந்தவர்கள் வங்கியில் இதை முதலிலேயே முடித்துவிடுவது நல்லது.

பணிக்கொடை

இதை யாரும் கேட்டிருக்கவில்லை, கம்பெனியும் சொல்லவில்லை. ஐந்து ஆண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. ஒரு நாள் சம்பளம் 11,700-ஐ 26-ஆல் வகுத்து 450. அதில் 15 நாளுக்கு 6,750. அதை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கணக்காகும். பிப்ரவரியில் விலகியதாக வைத்தால் 8 ஆண்டு, 54,000. மே என்றால் 8 ஆண்டு 7 மாதம், அதாவது 9 ஆண்டு, 60,750. தேதி திருத்தம் இங்கேயும் பயன்பட்டது. படிவம் கொடுத்த பிறகு, உதவித் தொழிலாளர் ஆணையரிடம் போகும் முன்பே கம்பெனி பணம் கொடுத்துவிட்டது. நகையில் பெரும்பகுதியை மீட்டது இதை வைத்துத்தான்.

ஊனச் சான்றும் அட்டையும்

பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில் கை கால் ஓரளவு தேறும் என்பதால், ஆறு மாதம் கழியட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 2023 செப்டம்பரில் வேலூர் மாவட்டத்துக்கே விண்ணப்பித்து, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதனை நடந்தது. 60 சதவீதம், நிரந்தரம். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி சலுகைகளுக்கான வரம்பு 40 சதவீதம். யு.டி.ஐ.டி. அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) கிடைத்தது. சாதாரண டவுன் பஸ்ஸில் துணைக்கு ஒருவரோடு இலவசம். வெளியூர் அரசு பஸ்ஸில் கால்பங்குக் கட்டணம். பயிற்சிக்கு வேலூர் போய்வரும் செலவு இதனால் பெருமளவு குறைந்தது.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, கை கால் ஊனத்தில் 75 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. இவருக்கு எட்டாது. “எண்பதா போட்டுத் தர ஆள் இருக்கு” என்று ஒரு தரகர் வீட்டுக்கே வந்திருக்கிறார். குடும்பம் அவரைத் திருப்பி அனுப்பியது. நாங்கள் சொல்லித்தான் என்றில்லை, மனைவிக்கே பிடிக்கவில்லை.

தொடர்ந்து நடந்தவை

91 நாள் உதவித்தொகை முடிந்த பிறகு நீட்டித்த உதவித்தொகை நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 400 ரூபாய் வீதம் வரத் தொடங்கியது. இடையில் ஒரு முறை சான்று தாமதமாகி இரண்டு மாதம் நின்று, பிறகு சேர்த்து வந்தது. 2025 நடுப்பகுதி வரை அந்த வீடு ஓடியது இதில்தான். மகன் பாலிடெக்னிக் முடித்தான். மருத்துவமும் ஈ.எஸ்.ஐ.யிலேயே தொடர்ந்தது.

ஊன ஓய்வூதியம் 2024 இறுதியில் அனுமதியானது. மாதம் 1,200-ஐ ஒட்டி, ஊனமடைந்த மறுநாளிலிருந்து நிலுவையோடு.

வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய். அதற்கு உடனே மனு போடலாம் என்று உறவினர்கள் நெருக்கினார்கள். மாதம் 12,000 ரூபாய் ஈ.எஸ்.ஐ. தொகை வங்கிக்கு வந்துகொண்டிருக்கையில் ஆதரவற்ற நிலை என்று எழுதுவது பொய்யாகும், பாஸ்புக்கைத் திறந்தால் தெரிந்துவிடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கும் இதே நிலை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதனால் இரண்டையும் ஈ.எஸ்.ஐ. முடியும் காலத்துக்குத் தள்ளி வைத்தோம்.

2025 ஜூலையில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தபோது கடந்த ஆண்டு வரவைப் பார்த்து முதலில் தயங்கினார்கள். உதவித்தொகை முடிந்ததற்கான ஈ.எஸ்.ஐ. கடிதத்தை வி.ஏ.ஓ.விடம் காட்டிய பிறகு சான்று வந்தது. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் காப்பீட்டு அட்டை பதிவானது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. தினசரி மாத்திரைக்கு ஆகாது. ரத்த அழுத்த மாத்திரையை அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர் வீட்டுக்கே கொண்டுவருகிறார், இயன்முறைப் பயிற்சியாளரும் வருகிறார். இதை இரண்டு ஆண்டு முன்பே கேட்டிருக்கலாம். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்குக் கிடையாது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

வருவாய்த் துறை ஓய்வூதிய மனுவில் பி.எஃப். ஓய்வூதியம் வருவதை மறைக்காமல் எழுதினோம். வேறு ஓய்வூதியம் பெறுவதாகச் சொல்லி மனு தள்ளுபடியானது. 1,200 ரூபாயில் ஒரு குடும்பம் நடக்காது என்பதையும் 60 சதவீத ஊனத்தையும் காட்டி, திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மறுபரிசீலனை கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை.

இப்போதைய நிலை

கோல் ஊன்றித் தெருமுனை வரை நடக்கிறார். பேச்சு தெளிந்திருக்கிறது. வலது கை விரல்கள் மடங்கியபடியே. மகன் ராணிப்பேட்டையில் வேலைக்குப் போகிறான்; ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. சார்ந்திருக்கும் பெற்றோரைத் தன் ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறான். அதற்குரிய வருமான விவரத்தைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து இப்படி வந்தால்

இந்த வீட்டுக்கு நேர்ந்த இழப்பில் பெரும்பகுதி பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் நேர்ந்தது. முதல் வாரத்திலேயே ஈ.எஸ்.ஐ. சான்று எடுத்துக் கம்பெனிக்கு ஒரு நகல் போயிருந்தால், உதவித்தொகை பெறும் காலத்தில் ஆளை நீக்கக்கூடாது என்கிற ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆவது பிரிவின் காப்பு இருந்திருக்கும். ராஜினாமா கேட்கவே கம்பெனி யோசித்திருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை நீக்கக்கூடாது என்ற பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். தனியார் கம்பெனித் தொழிலாளிக்கு அதைச் சொல்லி நம்பிக்கை ஊட்டுவதை நாங்கள் தவிர்க்கிறோம்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பகுதியில் தொழிற்சங்க நண்பர்களிடம் இப்போது மூன்று சங்கதிகளைச் சொல்லி வருகிறோம். யாராவது நீண்ட நாள் படுத்துவிட்டால் சக தொழிலாளி ஒருவர் டிஸ்பென்சரிச் சான்றுக்குப் பொறுப்பெடுக்க வேண்டும். கணக்கு முடிக்கக் கூப்பிட்டால், முடிக்கும் முன் விலகும் தேதியும் காரணமும் என்ன பதிவாகும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் ஓ.டி.பி. கொடுக்கும் முன் திரையில் இருப்பது 19-ஆ, 10சி-யா என்று பார்க்க வேண்டும்.

மையத்திலும் ஒரு மாற்றம் செய்தோம். நோயால் வேலை இழந்தவர் யார் வந்தாலும், எதற்காக வந்தாலும், மனு எழுதும் முன் ஈ.எஸ்.ஐ. சந்தா விவரமும் பி.எஃப். பணி விவரமும் அச்செடுத்துக் கோப்பின் முதல் இரண்டு தாள்களாக வைக்கிறோம். இந்தக் குடும்பத்துக்குப் பின் வந்த ஒரு தோல் பதனிடும் தொழிலாளியின் கோப்பிலும் விலகிய தேதி, அவர் கடைசியாக வேலைக்குப் போன நாளாகத்தான் இருந்தது. அதைத் திருத்தக் கம்பெனிக்குக் கடிதம் போயிருக்கிறது.